லுணுகலையில் ஒரு தலையணை உறையும் இருநூறு வருடத் தையல் வரலாறும்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது வருடங்களுக்கு மேல் கழித்தவனுக்கு "புரூப்" என்ற சொல்லைக் கேட்டாலே கண் கூர்மையாகிவிடும். ஈய எழுத்துக் காலத்தில் கோத்த பக்கத்தின் மீது மை தடவி, ஈரத் தாளை வைத்து உருளையால் ஒரு முறை அழுத்தி எடுப்பார்கள். அந்த ஒற்றைத் தாளில் பிழையைப் பிடித்தால் பிழைத்தோம். தவறினால் மறுநாள் காலையில் ஊர் முழுவதும் அந்தப் பிழையை வாசிக்கும். அப்படியொரு புரூப்பை, அதுவும் துணிக்கும் நூலுக்குமான புரூப்பை, என் சொந்த ஊரான லுணுகலையில் ஒரு கணினித் திரையில் காண்பேன் என்று நான் நினைத்ததில்லை.

கடந்த ஆண்டு ஒரு மரண வீட்டுக்காக ஊருக்குப் போயிருந்தேன். பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் வீதியில் லுணுகலை இருப்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். ஹொப்டன், அடாவத்தை என்று சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். நடுவில் ஒரு சிறிய கடைத்தெரு. எனது சிறு பராயத்தில் அந்தத் தெருவின் கடை வராந்தாக்களில் மிதி மெஷினுடன் தையற்காரர்கள் இருப்பார்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அவர்களுக்கு இரவு பகல் இல்லாமற் போய்விடும். இப்போது அந்த வரிசையில் ஒரு சிறிய அறையில் எம்பிராய்டரி மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒற்றைத் தலை, பதினைந்து ஊசி. பக்கத்தில் ஒரு பழைய மடிக்கணினி. அதை நடத்துபவர் தோட்டத்திலே பிறந்து, பள்ளிக்கூடம் முடிந்ததும் கொழும்புப் பக்கம் கார்மென்ட்ஸுக்குப் போய், பதினோரு வருடம் எம்பிராய்டரிப் பிரிவில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஒரு பெண். அவருடைய தகப்பனாரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆகவே என்னை "மாமா" என்றே அழைத்தார்.

நான் அவரிடம் போனதற்குக் காரணம் ஒரு தலையணை உறை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன், அவர் திரையில் எனக்குக் காட்டியதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் இந்த மெஷினின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். கதை ஐரோப்பாவில் தொடங்குகிறது. ஆனால் சுற்றிச் சுற்றி நம்முடைய லயத்து வாசலுக்கே வந்து சேருகிறது.

கம்பளைக்கு அருகே சிங்கப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கோப்பிப் பயிரிடத் தொடங்கியது 1820களில். அதே பத்தாண்டில், 1828ஆம் ஆண்டு, பிரான்சின் அல்சாஸ் பிரதேசத்திலுள்ள முல்ஹவுஸ் நகரத்தில் ஜொஸ்வா ஹைல்மன் என்பவர் ஒரு பூவேலை இயந்திரத்தை ஆக்கினார். இரு முனையும் கூர்மையாய், நடுவில் காது வைத்த ஊசிகள் வரிசையாக நிற்கும். துணி செங்குத்தாகக் கட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கத்துக் குறடுகள் ஊசிகளைத் தள்ள, மறுபக்கத்துக் குறடுகள் பிடித்து இழுக்கும். கை என்ன செய்கிறதோ அதையே இயந்திரம் பல ஊசிகளில் ஒரே நேரத்தில் செய்தது. வடிவத்தைச் சொல்லிக் கொடுப்பதற்கு ஒரு பெரிய படம் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கும். தையலின் உண்மையான அளவைப்போல் ஆறு மடங்கு பெரிய படம் அது. இயந்திரத்தை ஓட்டுபவர் இடது கையில் ஒரு சுட்டுமுனையைப் பிடித்து, படத்தின் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் போவார். நெம்புச் சட்டங்களால் அந்த அசைவு ஆறில் ஒரு பங்காகக் குறைந்து துணியை நகர்த்தும்.

இந்த ஆறு மடங்கு என்ற கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹைல்மனின் இயந்திரம் பிரான்சில் பெரிதாக எடுபடவில்லை. சுவிட்சர்லாந்தின் சென் காலன் பகுதியில்தான் அது வேரூன்றியது. வீடு வீடாக இயந்திரம் வைத்து ஓட்டினார்கள். ஊசிகளில் நூல் கோக்கும் வேலை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னும் வந்த பின்னும் மங்கிய வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகளுக்கு நூல் கோத்த அந்தப் பிள்ளைகளைப் பற்றி வாசித்தபோது, எங்கள் தோட்டங்களில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போன பிள்ளைகளின் முகங்கள்தாம் எனக்கு ஞாபகம் வந்தன. 1863இல் ஐசக் கிரோப்லி என்ற சுவிஸ்காரர் தையல் மெஷினின் வழியைப் பின்பற்றி, தொடர்ச்சியான நூலும் படகு போன்ற நாடாவும் கொண்ட புதிய இயந்திரத்தைச் செய்தார். சிறுபடகு என்று பொருள்படும் அவர்களுடைய பேச்சுச் சொல்லான "ஷிஃப்லி" என்பதே அதற்குப் பெயராயிற்று. அவருடைய மகன் ஜோசப் ஆர்னல்ட் கிரோப்லி 1890களின் இறுதியில் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தானியங்கி முறையைக் கொண்டுவந்தார். முதலாம் உலகப் போருக்கு முந்திய வருடங்களில் சுவிட்சர்லாந்தின் மிகப்பெரிய ஏற்றுமதியாக இருந்தது கடிகாரமல்ல, பூவேலைத் துணிதான் என்றால் இன்று பலர் நம்பமாட்டார்கள்.

துளை அட்டை புதிய யோசனையல்ல. லியோன் நகரத்து ஜக்கார்ட் 1804இலேயே நெசவுத் தறிக்கு அதைப் பொருத்திவிட்டார். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர்களின் தறிக்கு மேலே தொங்கும் அட்டை மாலையைப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்வதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டனவாம். கணினியின் பாட்டனார் என்று சொல்லப்படும் சார்ல்ஸ் பாபேஜ் அந்தப் படத்தில் ஒன்றை வாங்கித் தன் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

பூவேலை இயந்திரத்துக்கு அட்டையோ காகித நாடாவோ துளையிடுகிறவரைப் "பஞ்சர்" என்றார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் எம்பிராய்டரித் தொழிலில் உள்ளவர்கள் இன்றைக்கும் கணினியில் வடிவம் அமைப்பதைப் "பஞ்சிங்" என்றே சொல்கிறார்கள். துளைக்கும் வேலை போய்ப் பல காலமாகியும் சொல் போகவில்லை. அந்தப் பழைய பஞ்சருடைய நிலையைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஆறு மடங்கு பெரிய படத்தைப் பார்த்து, ஒவ்வொரு ஊசிக் குத்தையும் மனத்தில் கணக்கிட்டு, ஆயிரக்கணக்கில் துளையிடுவார். முடிவு எப்படி இருக்கும் என்பது மெஷினில் துணியைக் கட்டி ஓட்டிப் பார்க்கும் வரை அவருக்குத் தெரியாது. பிழை இருந்தால் துளையை ஒட்டி மூடி, வேறிடத்தில் துளைக்க வேண்டும். மீண்டும் துணி, மீண்டும் நூல். ஆகவே வருடக்கணக்கான அனுபவம் உள்ளவர்களிடமே அந்த வேலை இருந்தது. தைப்பதற்கு முன்பே தையலைப் பார்க்கக்கூடிய கண் அவர்களுக்கு மட்டுமே இருந்தது என்று சொல்லலாம்.

நம்மவர்களுக்கும் முன்கூட்டிப் பார்க்கும் ஒரு வழி உண்டு. ஆரி, சர்தோசி வேலை செய்பவர்கள் மெல்லிய தாளில் வடிவத்தை வரைந்து, கோடு நெடுக ஊசியால் நுண்ணிய துளைகள் இடுவார்கள். பிறகு மண்ணெண்ணெயில் வெள்ளைப் பொடியோ நீலமோ குழைத்துத் தாளின் மேல் தேய்த்தால் துளை வழியே துணியில் புள்ளிக்கோடு விழும். எங்கள் தோட்டப் பக்கத்தில் அதுகூட இல்லை. கார்பன் தாளும் பென்சிலும்தான். ஆனால் அதுவும் கோட்டைத்தான் காட்டும். நூல் எந்தத் திசையில் படியும், எந்த இடத்தில் தடிக்கும், எது எதன் மேல் ஏறும் என்பதெல்லாம் தைக்கிறவரின் தலைக்குள்ளே மட்டும் இருக்கும்.

1964இல் ஜப்பானின் தஜிமா நிறுவனம் பல தலைகள் கொண்ட மெஷினைக் கொண்டுவந்தது. 1972இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தொடங்கிய மெல்கோ நிறுவனம் 1980 அளவில் புள்ளிகளை எண்களாகப் பதிவு செய்யும் பலகையை விற்றது. அந்தப் பலகையிலும் படம் ஆறு மடங்கு பெரிதாகவே ஒட்டப்பட்டது! நூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. அவுஸ்திரேலியாவின் சிட்னியில் வில்லியம் வில்சன் 1979இல் ஆரம்பித்த வில்கொம் நிறுவனம், 1980களின் தொடக்கத்தில் வடிவத்தைக் கணினித் திரையிலே வரைந்து காட்டும் முறையைக் கொண்டுவந்தது. தையல் முதன்முதலாகத் துணிக்கு வருவதற்கு முன் கண்ணுக்கு வந்தது அப்போதுதான். பிற்காலத்தில் நூலின் பளபளப்பும் நிழலும் சேர்த்து, தைத்து முடித்த துணியைப் போலவே காட்டும் காட்சிமுறைக்கு "ட்ரூவியூ" என்று பெயரிட்டார்கள். இன்று "இங்க்ஸ்டிச்" என்ற இலவச மென்பொருளிலும் இந்த ஒத்திகை வசதி உண்டு. லுணுகலையில் நான் பார்த்த மடிக்கணினியில் ஓடியது அதுதான்.

இனி மலைநாட்டுக்கு வருவோம்.

சிங்கர் நிறுவனம் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. தவணைக்கு மெஷின் கிடைத்ததால் கடைத்தெருத் தையற்காரர்கள் பலர் முதலாளிகளானார்கள். ஆனால் லயத்துப் பெண்களின் கையில் இருந்தது ஊசியும் வளையமும் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்தில் ஓட்டத் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல் என்று சொல்லிக் கொடுப்பார்கள். நூல் கடையிலிருந்து வரும். சிறிய கட்டு, இரண்டு காகிதப் பட்டி, அதிலே டி.எம்.சி. என்று மூன்று ஆங்கில எழுத்துகள். ஆறு இழை, எட்டு மீற்றர் நீளம். அந்த மூன்று எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பல வருடங்களுக்குப் பிறகு ஏதோ ஒரு கட்டுரைக்காகத் தேடியபோதுதான் தெரிந்துகொண்டேன். டோல்ஃபுஸ் மீக் கம்பனி. 1746இல் தொடங்கிய குடும்ப வியாபாரம். ஊர், முல்ஹவுஸ். ஹைல்மன் கையின் வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்த அதே ஊரிலிருந்துதான், கையால் தைப்பதற்கான நூலும் எங்கள் லயத்துக்கு வந்திருக்கிறது.

1970களின் முற்பகுதியில் அந்த நூல் வருவது நின்றது. இறக்குமதிக் கட்டுப்பாடு அமுலில் இருந்த காலம். நூலைப் பற்றிக் கவலைப்பட அப்போது யாருக்கும் நேரமில்லை. 1973இலும் 1974இலும் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. மாவுக்கும் அரிசிக்கும் சங்கக்கடையில் நின்ற வரிசைகளை நான் கண்ணால் பார்த்தவன். அதே வருடங்களில்தான் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தப்படி ஆட்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில் 975,000 பேரைப் பங்கிட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று வைத்தார்கள். அந்த மீதியை இரண்டு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டது 1974இல். தலைமன்னாருக்குப் போகும் ரயிலை எங்கள் சனம் "ஒப்பாரிக் கோச்சி" என்று சொன்னது. ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுகை.

என்னுடைய பெரியக்கா கணவர் வீட்டாருடன் அந்தக் கோச்சியில் போனது 1974இல். போவதற்கு முன் இரண்டு தலையணை உறைகள் தைத்தார். இரண்டும் ஒரே வடிவம். நடுவில் ரோசாப்பூ, இரண்டு பக்கமும் கிளி, கீழே "மறக்காதே" என்று ஒரு வார்த்தை. ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மற்றதைத் தன்னுடன் கொண்டுபோனார். அவருடைய உறை கோத்தகிரியில் எப்போதோ மழையில் வீடு ஒழுகியபோது பூஞ்சணம் பிடித்து வீணாகிவிட்டது. அம்மாவுக்குக் கொடுத்தது எங்கள் பெட்டியில் இருந்தது. துணி பூவைப்போல் நைந்துவிட்டது, இனி அதைத் தபாலில் அனுப்ப முடியாது. எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் அக்காவுக்கு அதே போல ஒன்று செய்து அனுப்ப வேண்டும் என்பதே என் எண்ணம்.

மெஷின் வைத்திருக்கும் அந்தப் பெண்ணின் கதையும் ஒரு வரலாறுதான். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச கிராமங்களுக்கு இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டத்தைத் தொடக்கி வைத்தார். 1980களின் பிற்பகுதியிலேயே ஏற்றுமதி வருமானத்தில் ஆடை தேயிலையை முந்திவிட்டது. தாய் கொழுந்தெடுத்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுக்க, மகள் கார்மென்ட்ஸில் சம்பாதித்துக் கொடுத்தார். இந்த இரண்டு தலைமுறைகளின் உழைப்பையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய பொருளாதார நூல்கள் குறைவு என்பது என் நெடுநாள் மனக்குறை.

பதினோரு வருடம் மெஷினுக்கு முன் நின்றவருக்கு நூல் அறுவது, பொபின் முடிவது, ஊசி முறிவது எல்லாம் காதாலேயே தெரியும். ஆனால் பஞ்சிங் செய்யும் அறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. குளிரூட்டிய அறை, கதிரை, கணினி, கூடிய சம்பளம். "நாங்க தச்சுக் கொண்டுபோய்க் காட்டுவோம் மாமா. பிழைன்னா அவங்க திருத்துவாங்க. எப்படித் திருத்துறாங்கன்னு ஒரு நாளும் காட்டல" என்றார். திரும்பி வந்து கடன்பட்டுப் பழைய மெஷினை வாங்கிய பிறகு, இரவில் பிள்ளைகள் உறங்கியதும் இலவச மென்பொருளை வைத்துத் தானாகவே பழகியிருக்கிறார். முதல் மாதங்களில் கைநட்டம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குக் கொண்டுவந்து கொடுத்த சட்டைகளில் நான்கு பாழாகி, அவற்றுக்குத் தன் பணத்திலிருந்து ஈடு கட்டியிருக்கிறார். மாதத் தவணை கட்டுகிற ஒருவருக்கு நான்கு சட்டை என்பது சின்ன விடயமல்ல. "ஓட்டிப் பார்க்காம இப்ப ஒண்ணையும் மெஷினுக்குப் போடமாட்டேன்" என்றார். ஓட்டிப் பார்ப்பது என்று அவர் சொன்னது திரையில் நடக்கும் ஒத்திகையை.

அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். விளக்கம் எளிமையானது. மெஷினுக்குப் போகும் கோப்பில் படம் எதுவும் இல்லை. இங்கிருந்து இவ்வளவு தூரம் நகர், குத்து. மறுபடி நகர், குத்து. இவ்வளவுதான். தஜிமாவின் டி.எஸ்.டி. என்ற கோப்பு முறையில் ஒவ்வொரு குத்துக்கும் மூன்று பைட் இடம். மிகச் சிறிய அசைவு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. ஒரே நகர்வில் போகக்கூடிய மிகக் கூடிய தூரம் 12.1 மில்லிமீற்றர். மென்பொருள் அந்தப் பட்டியலை முதலிலிருந்து வாசித்து, குத்துக்குக் குத்து நூல் வரைந்துகொண்டே போகிறது. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், பின்னோக்கியும் ஓட்டலாம். எங்கே நூல் வெட்டப்படாமல் துணிக்குக் குறுக்கே தாவுகிறது, எந்தப் பூ எந்த இலையின் மேல் ஏறுகிறது, எந்த இடத்தில் குத்துகள் குவிந்து ஊசி முறியும் என்பதெல்லாம் நூல் செலவில்லாமல் தெரிந்துவிடுகிறது. ஒன்று மட்டும் எனக்கு வியப்பாக இருந்தது. அந்த டி.எஸ்.டி. கோப்பில் நிறம் பதிவாவதில்லை. "இங்கே நில்" என்ற கட்டளை மட்டும் இருக்கும். நின்ற பிறகு எந்த நிற நூலை மாற்றுவது என்பது ஒபரேட்டரின் குறிப்புத் தாளில் இருக்க வேண்டும்.

திரையை முழுதாக நம்பவும் முடியாது. திரையிலுள்ள துணி சுருங்குவதில்லை. உண்மையான துணியில் நெருக்கமாகத் தைக்கும்போது நூல் துணியைத் தன் திசையில் உள்ளே இழுக்கும். வட்டம் முட்டையாகும், பூவுக்கும் ஓரக் கோட்டுக்கும் நடுவே வெண்மை தெரியும். அதை முன்கூட்டியே கணக்கிட்டு வடிவத்தைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டும். எவ்வளவு என்பது பருத்திக்கு ஒரு கணக்கு, பின்னல் துணிக்கு ஒரு கணக்கு. அந்த இடத்தில்தான் மெஷினுக்கு முன் நின்ற பதினோரு வருடம் உதவிக்கு வருகிறது. கண்ணாடி அறையில் இருந்தவர்களுக்கு இல்லாத அறிவு அது என்று நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அவங்களும் எங்களைக் கேட்டுத்தான் மாமா போட்டாங்க" என்றார்.

அவருக்குப் பெரிய தலையிடி தமிழ்ப் புள்ளி. அவரிடம் ஏற்ற தமிழ் எழுத்துரு இல்லாததால் ஒவ்வொரு எழுத்தையும் தானே அமைக்கிறார். சட்டைப் பையின் மேல் பெயர் சிறிதாக வரும்போது புள்ளி ஒரு மில்லிமீற்றர்கூட இருப்பதில்லை. திரையில் அழகாகத் தெரியும் புள்ளி, துணியில் முடிச்சாகித் துணிக்குள் புதைந்துவிடும். எனக்கு உடனே பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. நான் பணியாற்றிய ஒரு பத்திரிகையில் தேய்ந்துபோன ஈய எழுத்து ஒன்றில் புள்ளி விழாமல், மரண அறிவித்தலில் இறந்தவரின் பெயர் பிழையாக வந்துவிட்டது. புரூப் பார்த்தவன் நான். குடும்பத்தார் மறுநாள் வந்து சத்தம் போடவில்லை, பேசாமல் பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டு நின்றார்கள். அந்த மௌனத்தை இன்னும் மறக்கவில்லை. அவர் கண்ட வழி, புள்ளியை எழுத்தின் அளவுக்கு மேல் சற்றுப் பெரிதாக்கி, அதற்கு அடியில் இரண்டு குறுக்குத் தையல் போட்டுத் தூக்கி நிறுத்துவது. "மறக்காதே" என்ற வார்த்தையில் ஒரு புள்ளிதான். அந்த ஒன்றுக்கு மூன்று முறை மாதிரி ஓட்டினார்.

தலையணை உறையை மேசையில் விரித்தபோது அவர் முதலில் செய்த காரியம் அதைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்ததுதான். நான் ஐம்பது வருடத்தில் ஒரு தடவையும் அதைச் செய்ததில்லை. பின்பக்கத்தில் நூல் எங்கிருந்து எங்கே போயிருக்கிறது, எந்த இதழ் முதலில், எது அடுத்தது என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். அந்த வரிசைப்படியே கணினியில் அமைத்தார். அமைத்து முடித்து ஒத்திகையை ஓட்டியபோது, வெறும் திரையில் ஒரு காம்பு எழுந்தது, பிறகு இலை, பிறகு இடது கிளியின் சிறகு. எங்கள் லயத்து வாசலில் குப்பி விளக்குக்கு முன்னே அக்காவின் கை நகர்ந்த வரிசை அது. நான் அப்போது பாடப் புத்தகத்துடன் பக்கத்தில்தான் இருந்திருப்பேன். பார்க்கவில்லை.

ரோசாப்பூவின் நடு இதழில் அவர் ஒத்திகையை நிறுத்தினார். "இங்க பாருங்க மாமா, பாதியில சிவப்பு மாறுது." முன்பக்கத்தில் அவ்வளவாகத் தெரியாது. பின்பக்கத்தில் வெயில் படாததால் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பாதி நல்ல சிவப்பு, மறுபாதி செங்கல் நிறம் கலந்த வேறு சிவப்பு. டி.எம்.சி. நூலாக இருக்காது, இழையே தடிப்பம் என்றார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1974, நூல் கிடைக்காத காலம், பாதியில் முடிந்திருக்கும், கையில் அகப்பட்டதை வைத்து முடித்திருப்பார் என்று. "அப்ப நான் ஒரே சிவப்பாப் போட்டுரவா, இல்ல அப்படியே விடவா?" என்று கேட்டார். அப்படியே விடும்படி சொன்னேன். இதழின் நடுவே ஒரு "நில்" கட்டளையைச் சேர்த்தார். மொத்தம் பதினாலாயிரம் குத்துகள். நிமிடத்துக்கு எழுநூறு என்ற வேகத்தில் இருபது நிமிடம். நிறம் மாறும் நேரம் தனி. அக்காவுக்கு எத்தனை இரவுகள் பிடித்தனவோ.

கூலியாக அவர் கேட்ட தொகை மிகக் குறைவு. பஞ்சிங்குக்கும் சேர்த்து வாங்கும்படி வற்புறுத்திக் கொடுத்தேன். பஞ்சிங்குக்கு என்று தனியாகப் பணம் வாங்கியது அதுதான் முதல் தடவை என்றார்.

உறை கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா தொலைபேசியில் வெகுநேரம் பேசவில்லை. கிளியின் கண் சரியாக வந்திருக்கிறது, காம்பு கொஞ்சம் தடிப்பம் என்றார். நான் சிவப்பு நூலைப் பற்றிக் கேட்டேன், பாதியில் முடிந்துபோய்விட்டதா என்று.

"முடியலடா தம்பி. ஒரு கட்டுத்தான் இருந்துச்சு. ஒரு உறை முழுக்க நல்ல சிவப்புல தச்சிருக்கலாம். அப்புறம் மத்ததுக்கு என்ன பண்றது? அதான் தைக்கிறதுக்கு முன்னாலேயே அளந்து ரெண்டா வெட்டி வச்சேன். அம்மாவுக்குப் பாதி, எனக்குப் பாதி."

மற்றப் பாதிச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பதைப் போல மிகச் சாதாரணமாகச் சொன்னார், அது மாமியாரின் பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாம். இந்தச் செய்தியை லுணுகலைக்கு எடுத்துச் சொன்னேன். அந்தப் பெண் கோப்பைத் திறந்து, "நில்" கட்டளைக்குப் பக்கத்தில் தன் குறிப்புத் தாளில் எழுதியிருந்த "நூல் முடிந்த இடம்" என்பதை வெட்டிவிட்டு, சரியானதை எழுதி வைத்திருக்கிறாராம்.

இரண்டாவது உறையையும் தைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அது எங்கள் பெட்டிக்கு.